நுனி கட்டாத தெரு

என்னிடம் ஓர் அட்டை இருக்கிறது. நீளம் பதினாலரை அங்குலம், அகலம் ஐந்து. பின்பக்கம் பென்சிலால் எழுதியிருக்கிறது: "1126 பங்குனி 9. விளை. ஒரு குத்துக்குப் பத்தடி." கொல்லம் ஆண்டு அது. இங்கிலீஷ் கணக்கில் 1951 மார்ச். நாங்கள் அப்போது திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தோம். முன்பக்கத்தில் எழுத்து ஒன்றும் இல்லை, ஊசியால் குத்திய துளைகள் மட்டும்தான். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் துளைகள் கோடுகளாகச் சேர்ந்து ஒரு நிலத்தின் உருவம் தெரியும்.

லேஸ் பின்னுகிறவர்கள் மாதிரியை இப்படித்தான் தடித்த அட்டையில் குத்தி வைத்துக்கொள்வார்கள். அட்டையை உருண்டைத் தலையணைமேல் பொருத்தி, துளைக்கு ஓர் ஊசி நட்டு, குச்சிகளில் சுற்றிய நூலை ஊசிகளைச் சுற்றிப் பின்னுவார்கள். நிலத்தை அளந்து மனை பிரிக்கிற படத்தை லேஸ் அட்டையில் குத்தியவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். ஊரில் அவருக்கு லேஸக்கா என்று பெயர். ஞானஸ்நானப் பெயர் வேறு உண்டு. அதை இங்கே எழுதவில்லை.

கோட்டாற்றுக்குத் தெற்கே ஒன்றேமுக்கால் ஏக்கரும் சொச்சமுமான தென்னை விளை, அதாவது தென்னந்தோப்பு, அவருடைய அப்பாவுக்கு இருந்தது. அப்பா போகும்போது விளையை மகனுக்கு எழுதினார். மகளைப் பற்றி ஒஸ்யத்தில், அதாவது உயிலில், ஒரே ஒரு வரி. நகலை நான் பார்த்திருக்கிறேன்: கலியாணமாகாத என் மகளுக்கு இந்த விளையில் அவள் கேட்கும் இடத்தில் பன்னிரண்டு சென்ட்.

"கேட்கும் இடத்தில்" என்பதை அண்ணன் ரோட்டோரமா கிணற்றோரமா என்றுதான் புரிந்துகொண்டார். அவர் கோட்டாற்றில் புளிக்கடை வைத்திருந்தவர், கெட்டிக்காரர். விளையை மனைகளாக்கி விற்க ஏற்பாடு செய்திருந்தார். முன்பக்கம் ஆறு மனைகள், நடுவே குடை பிடித்து ஒரு ஆள் போகும் அளவுக்கு மூன்றடி முடுக்கு. பின்பக்கம் சுவர்வரை முழு அகலத்துக்கும் அவருடைய சொந்த வீடு. மேற்கு வரிசையில் இரண்டாம் மனைக்கு அச்சாரம் கொடுத்திருந்த நான் அளவு நாளில் அங்கே இருந்தேன். நாகர்கோவிலில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பது என் வேலை. அளவு நடக்கிற இடத்தில் நின்று பார்ப்பது எனக்குப் பிடிக்கும்.

சங்கிலி பிடித்து முடிந்ததும் அண்ணன் தாராளமாகக் கேட்டார். "எங்க வேணும், சொல்லு மக்கா. ரோட்டுப் பக்கமா, கிணத்துப் பக்கமா?"

லேஸக்கா பையிலிருந்து அட்டையை எடுத்து அளவுக்காரரிடம் நீட்டினார்.

"இது என்னவாக்கும்? லேசு மாதிரியா?"

"வெயிலுக்கு நேரே பிடிச்சுப் பாருங்க."

அளவுக்காரர் பிடித்துப் பார்த்தார். முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக் குனிந்து மண்ணில் குச்சியால் கணக்குப் போட்டார். "பன்னெண்டடி அகலம், ரோட்டுல இருந்து பின்சொவரு வரைக்கும். இது மனையில்லியே. தெருவாக்கும்."

"பன்னெண்டு சென்டு வருதா?"

"வருது. கொஞ்சம் மிச்சமும் கெடக்கு."

"மிச்சத்த ரோட்டுப் பக்கம் மூலையில தாங்க. வண்டி திரும்பணும்."

கணக்கு சரிதான். பின்னால் நானும் போட்டுப் பார்த்தேன். விளையின் நீளம் 429 அடி. பன்னிரண்டு அடி அகலத்துக்குப் பன்னிரண்டு சென்ட் சுமார் 435 அடி ஓடும்.

அண்ணனுக்கு விஷயம் பிடிபடக் கொஞ்ச நேரம் ஆனது. "ஏட்டி, பின்ன உனக்கு வீடு?"

"வீடு வாடகைக்குக் கிடைக்கும். தெரு கிடைக்காது."

"அதுக்கு எனக்க வீட்ட நடுவால பொளக்கணுமா? ஆறு மனைக்கும் வழி வேணும்னா ஆறாவது மனையோட நிறுத்து. சொவரு வரைக்கும் என்னத்துக்கு? அங்க என்ன இருக்கு?"

"சொவரு இருக்கு."

"அதத்தான் கேக்கேன்."

"சொவரு எப்பவும் இருக்காது அண்ணே."

இவ்வளவுதான் நடந்தது. பத்திரம் அப்படியே எழுதப்பட்டது. அண்ணனுடைய பெரிய வீடு ஒரு பக்கத்துக்குச் சுருங்கியது. நடுவே பன்னிரண்டு அடி அகலத்தில் ஒரு தெரு நேராகப் போய் அடுத்தவர் விளையின் சுவரில் முட்டி நின்றது. அந்தக் கடைசி நூறடியில் யாருக்கும் எந்த வேலையும் இல்லை. கோட்டாற்றுச் சந்தையில் அதற்கு "கொமரித் தெரு" என்று பெயர் வைத்தார்கள். கலியாணமாகாதவள் தெரு என்று கேலி. அவர் காதிலும் அது விழுந்தது. அடுத்த வாரம் ரோட்டோர மூலைக்கல்லில் சுண்ணாம்பால் அதே பெயரை அவரே எழுதி வைத்தார். கேலி செய்தவர்கள் அதற்குப்பின் வேறு பெயர் தேட வேண்டியதாயிற்று.

அவருடைய பிழைப்பு, வீடுகளில் பெண்கள் பின்னுகிற லேஸைப் பார்த்து வாங்கி, மிஷன் லேஸ் வீட்டில் கொண்டு சேர்ப்பது. நீளமான பட்டையைப் பின்னும்போது தலையணை நிறைந்துவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதில் அவருக்கு ஒரு கண்டிப்பு உண்டு. நுனியில் முடிச்சுப் போடக் கூடாது. குச்சிகளை அப்படியே தொங்கவிட்டு, துணியால் மூடி வைக்க வேண்டும். அடுத்த துண்டு அந்த நுனியிலிருந்துதான் தொடங்கும். "நுனியக் கெட்டாத. கெட்டினா பிறகு வெட்டித்தான் சேக்கணும்" என்று வாரத்துக்கு நாலு தடவையாவது யாரிடமாவது சொல்லிக்கொண்டிருப்பார். லேஸைப் பற்றித்தான் சொல்கிறார் என்று வெகுநாள் நினைத்திருந்தேன்.

என் வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டபோது செங்கல் வண்டி வந்தது. சுவரடியில் சும்மா கிடந்த இடத்தில் இறக்கி, ஒழுங்காக அடுக்கச் சொன்னேன். மாலை லேஸக்கா வந்தார்.

"தம்பி, அந்தச் செங்கல்ல எடுக்கணும்."

"ரெண்டு வாரம் பொறுங்க அக்கா. அங்க யாரு போறா?"

"யாரும் போகல்லன்னு நீங்க அடச்சு வச்சா, போகணும்னு வாறவன் என்ன செய்வான்?"

"யாரும் வரும்போது எடுக்கேன்."

"வாறவன் அடச்சுக் கெடக்கத பாத்துட்டுத் திரும்பிப் போயிருவான். அவன் வந்ததே உங்களுக்குத் தெரியாது."

ஆயிரத்து இருநூறு செங்கல். இரண்டு மாலை சுமந்தேன். அவரும் கூடவே சுமந்தார். அன்றைய நாட்குறிப்பில் "பிடிவாதம், காரணம் இல்லை" என்று எழுதியிருக்கிறேன். அந்த வரியை இன்னும் அடிக்கவில்லை. அப்போது அப்படித்தான் நினைத்தேன் என்பதற்கு அது சாட்சி.

வீடு முடிந்ததும் மேற்கு அறைக்குக் குடிவந்தவர் அவரேதான். என் மனைவி பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லிச் சிரித்தாள்: "தெருவுக்குச் சொந்தக்காரி, நம்ம வீட்டுல குடக்கூலிக்கு." அக்காவிடமும் அதைச் சொன்னாள். "உனக்குச் சொந்தமா ஒரு முறி இருக்கு, எனக்கு நானூறு அடி இருக்கு. யாரு பெரிய ஆளு?" என்று அவர் கேட்டாராம். முறி என்றால் அறை.

அண்ணன் விட்டுவிடவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. மரம் நட்டவனுக்கு நட்ட இடத்தில் ஒரு பேச்சு உண்டாகிவிடும். அதுவும் தென்னையாக இருந்து, காய்க்கவும் தொடங்கிவிட்டால் வெட்ட யாருக்கும் கை வராது. பிள்ளை என்று சொல்லி நடுகிற மரம் அல்லவா. 1953-ல், மாதம் குறிக்க விட்டுப்போயிற்று, ஒரு காலையில் தெருவின் கடைசியில் மூன்று தென்னம்பிள்ளைகள் நின்றன. குழி எடுத்து, உப்பும் சாம்பலும் இட்டு, முறையாக நட்டிருந்தது.

லேஸக்கா கத்தவில்லை. பிடுங்கி எறியவும் இல்லை. மம்பட்டியை எடுத்து வேர்மண் உடையாமல் ஒவ்வொன்றாகத் தோண்டி, சாக்கில் வைத்து, அண்ணனுடைய முற்றத்திலேயே குழி எடுத்து நட்டார். தண்ணீரும் ஊற்றினார். அண்ணன் கடையிலிருந்து வந்து பார்த்தபோது மூன்றும் அவர் வாசலுக்கு நேரே நின்றன. சொந்த முற்றத்தில் நிற்கிற தென்னம்பிள்ளையைப் பிடுங்கிப்போட அவருக்கும் கை வரவில்லை. அடுத்த மாதம் மறுபடி மூன்று நட்டார். அவையும் முற்றத்துக்குப் போயின. அதற்கும் அடுத்த மாதம் இரண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் முடிந்து வரும்போது அண்ணனே பேச்சை எடுத்தார். நான் பின்னால் வந்துகொண்டிருந்தேன்.

"ஏட்டி, எட்டுத் தெங்கு நிக்கி எனக்க முற்றத்துல. நெல்லு காயப்போட எடமில்ல."

"நீங்க நட்டதுல ஒண்ணக்கூட நான் சாக விடல்ல அண்ணே."

"நல்லா வளந்து எனக்க மேல காய் விழட்டும்."

"விழாது. தள்ளித்தான் நட்டிருக்கேன்."

அதற்குப்பின் அவர் நடவில்லை.

லேஸக்காவின் பிடிவாதத்துக்குக் காரணம் எனக்குத் தெரிந்தது தென்னை நட்டதற்கு முந்தைய வருடத்து ஐப்பசி மழையில். சுவருக்கு அப்பால் இன்னொரு தென்னை விளை. அதற்கும் அப்பால் சானல்கரை, பாசனக் கால்வாயின் கரை. கரையில் பதினோரு குடிசைகள். லேஸக்காவுக்குப் பின்னிக் கொடுத்த பெண்களில் பாதிப்பேர் அங்கேதான் இருந்தார்கள். நேராக வந்தால் எங்கள் சுவர் இரண்டு நிமிட நடை. ஆனால் பின்விளைக்காரர் தம் விளைக்குள் அவர்களைக் கால்வைக்க விடமாட்டார். சானல்கரையோடு போய், வயல் வரப்பில் இறங்கி, அரை மைல் சுற்றித்தான் ரோட்டுக்கு வரவேண்டும்.

அன்று மாலை ஒரு பெண் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். முழங்காலுக்குமேல் சேறு. கையில் ஒரு மேசைவிரிப்புக்கான ஓரம், மூன்று மாத வேலை. வரப்பில் வழுக்கியதில் அது செம்மண் தண்ணீரில் விழுந்துவிட்டது. வெள்ளை நூலில் செம்மண் ஏறினால் போகாது. லேஸ் வீட்டில் வாங்கமாட்டார்கள்.

"ரெண்டு தடவ அலசினேன் அக்கா. சாயத்தண்ணி நெறம் போகல்ல."

"நீ விழுந்தியே, கையிகாலு?"

"அது கெடக்கு. நூலப் பாருங்க."

லேஸக்கா நூலைப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்து, தடவி, மடித்து வைத்தார். மழையிலேயே இறங்கித் தெருவின் கடைசிவரை நடந்து, சுவரில் உள்ளங்கையை ஊன்றிக்கொண்டு நின்றார். அந்தப் பெண் என் மனைவியிடம் கேட்டாள்: "அந்தச் சொவருக்குப் பின்னால எங்க வீடுதானே?" என் மனைவி என்னைப் பார்த்தாள். ஒன்றரை வருடமாக அந்தத் தெருவில் புழங்குகிற எங்கள் இருவருக்கும் அது அதுவரை தோன்றியதில்லை.

1954-ல் அண்ணன் மகளுக்குக் கலியாணம். பந்தலுக்குத் தெருவின் கடைசிப்பகுதியை விட்டால் இடமில்லை. தென்னம்பிள்ளைகள்தான் முற்றத்தை அடைத்துவிட்டனவே. அண்ணன் தாமே கேட்க வெட்கப்பட்டு ஐயரை அனுப்பினார். கோயில் போதகரை ஐயர் என்றுதான் நாங்கள் சொல்வது. லேஸக்கா உடனே சம்மதித்தார். ஒரே நிபந்தனை: சுவர்ப்பக்கமும் பந்தலுக்கு ஒரு வாசல் வேண்டும்.

"சொவரப் பாத்து வாசலா?" என்றார் ஐயர்.

"நாலு நாளு எனக்க தெரு அடச்சுக் கெடக்கக் கூடாது ஐயரே."

பந்தல்காரன் வாழை கட்டி, குருத்தோலைத் தோரணம் போட்டு, சுவரைப் பார்த்து ஒரு வாசல் வைத்தான். புதுக்கடை ஊரிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் அந்த வழியே கை கழுவப் போய்ச் சுவரில் முட்டித் திரும்பி வந்தார்கள். "இது என்ன வழியாக்கும்?" என்று ஒரு பெரியவர் அண்ணனைக் கேட்டார். "எனக்க தங்கச்சிக்க வழி" என்றார் அண்ணன். சொன்ன தொனியில் எரிச்சல் இருந்தது. கொஞ்சம் பெருமையும் இருந்ததாக எனக்குப் பட்டது. பெண்ணின் முக்காட்டு லேஸ் முழுவதும் அத்தை கையால் பின்னியது.

பின்விளைக்காரர் இறந்து, மகன்கள் பாகம் பிரித்து மனை போட்டது 1956 ஆடியில். மூத்த மகன் சுருட்டிய படத்தோடு வந்தார். மரியாதைக்காரர்.

"அக்கா, சொவர இடிச்சு நம்ம மனைக்கும் உங்க தெருவுக்கும் சேத்துக்கிடலாம். நாங்க எட்டடி விடுகோம். கடைசி மனையோட நிறுத்திக்கிடலாம்."

"பன்னெண்டு. சானல்கரை வரைக்கும்."

"சானல்கரைக்கு என்னத்துக்கு? அவ்வோ எங்க மனைக்கு முன்னால நடக்கதுக்கா? பிறகு மனைய யாரு வாங்குவா?"

"அப்ப உங்க மனைக்கு இது வழியில்ல."

அவர் போனபின் அண்ணன் ஓடி வந்தார். நானும் போனேன். நான் அண்ணன் பக்கம் பேசினேன் என்பதை இங்கே மறைக்க முடியாது. எட்டடியாவது கிடைக்கிறது, சுவராவது போகிறது, மற்றதைப் பின்னால் பார்க்கலாம் என்றேன். மறுத்தால் அவர்கள் சுவரோரமாகவே வீடு கட்டிவிடுவார்கள், அத்தோடு ஐந்து வருடமும் வீண் என்றேன். அது உண்மையான பயம்தான்.

அவர் குச்சிகளை நிறுத்தாமலே பதில் சொன்னார்.

"எட்டடியில ஒரு வண்டி போகும் தம்பி. எதிர இன்னொரு வண்டி வந்தா ஒருத்தன் பின்னால எடுக்கணும். யாரு எடுப்பான்னு நெனைக்கிய? சானல்கரைக்காரன்தான் எடுப்பான். எப்பவும் அவன்தான் எடுப்பான். பன்னெண்டுன்னா ரெண்டு பேரும் போகலாம்."

"அவ்வோ ஒத்துக்கிடல்லன்னா?" என்றார் அண்ணன்.

"சொவரு அஞ்சு வருசமா நிக்கி. நானும் நிக்கேன்."

ஆவணி, புரட்டாசி, ஐப்பசி. பின்விளையில் மனை பார்க்க ஆட்கள் வந்தார்கள். எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: வண்டி வருமா? வரப்பு வழியே வந்து, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பிப் போனார்கள். ஒருநாள் சுவருக்கு அப்பால் கல் இறக்கும் சத்தம் கேட்டது. அஸ்திவாரம் போடப் போகிறார்கள் என்று தெரு முழுக்கப் பேச்சு. அன்று லேஸக்கா தலையணையில் மூன்று ஊசிகளைத் துளை மாற்றிக் குத்திவிட்டு, பின்னியதைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஐந்து வருடத்தில் அவர் கை தவறி நான் பார்த்தது அந்த ஒருநாள்தான். ஆனாலும் படியிறங்கிப் போய் எட்டடிக்குச் சம்மதம் என்று சொல்லவில்லை. இறக்கிய கல் கிணற்றுக்குக் கைப்பிடிச்சுவர் கட்ட என்று இரண்டு நாள் கழித்துத் தெரிந்தது.

நவம்பர் முதல் தேதி எங்கள் தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தன. நாகர்கோவிலில் கொடியும் ஊர்வலமுமாக இருந்தது. இரண்டு வாரம் கழித்துப் பின்விளை மூத்த மகன் மறுபடி வந்தார். படத்தை விரித்தார். பன்னிரண்டு அடி, சானல்கரை வரைக்கும். கிணற்றை ஒதுக்க வேண்டியிருப்பதால் நடுவில் ஒரு திருப்பம். லேஸக்கா படத்தை அல்ல, அகலம் எழுதிய இடத்தை மட்டும் இரண்டு தடவை பார்த்தார்.

கார்த்திகை மாதம் சுவரை இடித்தார்கள். அண்ணன் கடையை அடைத்துவிட்டு வந்து நின்றார்.

"இனி எனக்க வீட்டு முன்னால ஊரே நடக்கும்."

"அதுக்குத்தானே அண்ணே தெரு."

கல்லும் மண்ணும் இன்னும் வாரவில்லை. அதற்குள், முன்பு செம்மண்ணில் விழுந்தவள், லேஸ் தலையணையை வெள்ளைத்துணியில் மூடித் தலையில் வைத்துக்கொண்டு இடிபாட்டின்மேல் ஏறி இறங்கி வந்தாள். கூடவே இன்னும் நாலு பேர். பின்விளை மூத்த மகன் தம் மனைக்கல்லருகே நின்று பார்த்தார். அவள் ஒதுங்கவில்லை. நடுத்தெருவிலேயே வந்தாள்.

அந்த வாரமே லேஸக்கா சானல்கரைப் பக்கம் ஒரு முறி பார்த்து மாறிக்கொண்டார். போகும்போது அட்டையை என் மேசைமேல் வைத்தார். "நீங்க எழுதி வைக்கிய ஆளுல்லா. இருக்கட்டும்."

அன்றுதான் அதை முதன்முதலாக வெளிச்சத்தில் பிடித்தேன். ரோட்டிலிருந்து சுவர்வரை நாற்பத்து மூன்று துளை. 1951-ல் அளவுக்காரர் பார்த்தது அது. ஆனால் வரிசை சுவரில் நிற்கவில்லை. அதற்கு மேலும் இருபத்து மூன்று துளை நேராகப் போய், இடதுபுறம் திரும்பி, இன்னும் பதினொன்று போகிறது. புதுத் தெருவை நான் கயிறு பிடித்து அளந்தேன். சுவர் இருந்த இடத்திலிருந்து திருப்பம் வரை 226 அடி. திருப்பம் இடதுபுறம்தான்.

அண்ணனைக் கேட்டேன். "எல்லாம் முடிஞ்ச பிறகு குத்தியிருப்பா. அவளத் தெரியாதா?" என்றார். அளவுக்காரரைக் கேட்டேன். அகலம் பார்க்கத்தான் பிடித்ததாகவும் சுவருக்கு அப்பால் கவனிக்கவில்லை என்றும் சொன்னார். கிணறு பழையது. சானல்கரைப் பெண்கள் அதன் இடத்தைச் சொல்லியிருக்க முடியும். லேஸ் ஊசி பித்தளை, துருவை வைத்து வயது சொல்லவும் வழியில்லை. கடைசியாக அவரையே கேட்டேன்.

"எப்ப குத்தினிய அக்கா?"

"தெரு வந்தாச்சுல்லா. பிறகு என்னத்துக்குத் தேதி?"

இன்னும் ஒன்று. திருப்பத்துக்குப் பிறகு பதினோராவது துளை சானல்கரை. அதைத் தாண்டியும் மூன்று துளைகள் இருக்கின்றன, தண்ணீரின்மேல், அட்டையின் ஓரம்வரை. அங்கே பாலம் இல்லை. போடுவதாக யாரும் இதுவரை பேசவும் இல்லை. இந்த மூன்றும் சுவருக்கு அப்பாலுள்ள மற்றத் துளைகளும் 1126 பங்குனி 9-ந் தேதியே குத்தியவையா, பின்னால் குத்தியவையா என்பது சரிபார்க்கப்படவில்லை.